கொடுக்கும் முன் பல்லைப் பார்ப்போம்

(பழைய கைப்பேசிகளைக் கொடுப்பது, வாங்குவது குறித்து நம் அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை. வர இயலாதவர்களுக்காக இங்கே தருகிறோம்.)





இன்று ஒரு சின்ன விஷயத்தைப் பேசப் போகிறோம். நம் கையில் இருக்கும் போன் எவ்வளவு ஓடியிருக்கிறது, அதன் பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பது எப்படி? இதற்கு ஒரு கூட்டமா என்று சிலர் நினைக்கலாம். எங்கள் தரப்பில் நடந்த ஒரு தவறை முதலில் சொல்லிவிடுகிறோம். ஏன் இந்தக் கூட்டம் என்பது அப்போது விளங்கும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை மீறி ஏரலுக்குள்ளும் சுற்றியுள்ள ஊர்களுக்குள்ளும் புகுந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்று, சுமார் 800 பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். மின்சாரம் இல்லை. போனில் சார்ஜ் இருந்தவர் "உயிரோடு இருக்கிறோம்" என்று வீட்டுக்கு ஒரு வார்த்தை சொன்னார். சார்ஜ் தீர்ந்தவரின் வீட்டில் உம்மாவும் மனைவியும் என்ன பாடுபட்டார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

வெள்ளம் வடிந்த பிறகு பல வீடுகளில் பீரோ, மெத்தை, பள்ளிப் புத்தகம் எல்லாவற்றோடும் போனும் போயிருந்தது. படிக்கிற பிள்ளைகளுக்காவது ஏதாவது செய்ய வேண்டும் என்று, வீட்டில் சும்மா கிடக்கும் பழைய போன்களைத் தாருங்கள் என உங்களிடம் கேட்டோம். நீங்களும் தாராளமாகத் தந்தீர்கள். வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகள் புதுப் போன் வாங்கியதும் பழையதை அனுப்பினார்கள். அல்ஹம்துலில்லாஹ், அவற்றைத் துடைத்து, சார்ஜ் ஏற்றி, திரை எரிகிறதா என்று மட்டும் பார்த்துப் பிள்ளைகள் கையில் கொடுத்தோம்.

அப்படிப் பெற்றவர்களில் ஒரு மாணவி, பிளஸ் டூ படித்த பிள்ளை. உதவித்தொகைக்கு இணையத்தில் விண்ணப்பிக்கக் கடைசி நாள். எல்லாம் நிரப்பி முடித்தாள். ஓ.டி.பி. எண் வரவேண்டியதுதான் பாக்கி. போனில் 38 சதவீதம் சார்ஜ் காட்டிக்கொண்டிருந்தது. அப்படியே அணைந்துவிட்டது. சார்ஜரில் போட்டு மறுபடி உயிர் வந்தபோது எண்ணின் நேரம் முடிந்திருந்தது. மறுபடி முயன்றாள், மறுபடி அணைந்தது. இரவு 12 மணிக்கு விண்ணப்பம் மூடப்பட்டது.

அந்தத் தொகையை அறக்கட்டளையே கொடுத்தது. அது வேறொரு பிள்ளைக்குப் போயிருக்க வேண்டிய பணம். எங்களை அதிகம் வருத்தியது அதுவும் அல்ல. அந்தப் போன் மூன்று வாரமாகவே அப்படி அணைந்துகொண்டிருந்திருக்கிறது. ஏனம்மா எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டோம். அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். அவளுடைய உம்மாதான் சொன்னார்: "சும்மா தந்த பொருளை எப்படிக் குறை சொல்றது?"

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று நம் ஊர்ப் பழமொழி இருக்கிறது. வாங்குபவருக்குச் சொன்ன மரியாதை அது. அப்படியானால் பல்லைப் பார்க்க வேண்டியவர் யார்? கொடுப்பவர்தானே! பெற்றவர் வாய் திறக்க மாட்டார். ஆகவே கொடுப்பவர் முன்னாலேயே பார்த்தாக வேண்டும். நாங்கள் பார்க்கவில்லை. இந்தத் தவறு எங்களுடையது.

அல்பகரா அத்தியாயத்தின் 267-ஆம் வசனம் பேசுவதும் இதைத்தான். கண்ணை மூடிக்கொண்டாலன்றி நாமே வாங்க மாட்டாத மட்டமான பொருளைத் தேடிப் பிடித்துத் தர்மமாகக் கொடுக்கக் கூடாது என்பது அதன் கருத்து. சந்தையில் தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்தபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டதையும், அதை ஏன் மேலே தெரியும்படி வைக்கவில்லை என்று வியாபாரியைக் கண்டித்ததையும் நாம் மதரஸாவிலேயே படித்திருக்கிறோம். போனில் அந்த ஈரம் பேட்டரியில் இருக்கிறது. மேலே கண்ணாடி பளபளவென்றுதான் இருக்கும்.

பேட்டரி ஏன் தேய்கிறது?

நம் போன்களில் இருப்பது லித்தியம் அயனி பேட்டரி. 1991-இல் சோனி நிறுவனம் இதைக் கடைக்குக் கொண்டுவந்தது. இதை உருவாக்கிய ஆய்வுகளுக்காக 2019-இல் மூன்று விஞ்ஞானிகளுக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. பேட்டரிக்குள் இரண்டு கரைகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போகின்றன. நாம் பயன்படுத்தும்போது திரும்பி வருகின்றன. ஒவ்வொரு போக்குவரத்திலும் கொஞ்சம் லித்தியம் அக்கரையிலேயே படிந்து நின்றுவிடுகிறது. அந்தப் படிவு தடிக்கத் தடிக்கக் கொள்ளளவு குறைகிறது, உள்ளே தடையும் கூடுகிறது.

கொற்கைக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். பாண்டியரின் முத்துத் துறைமுகமாக இருந்த கொற்கை இன்று கடலை விட்டுப் பல கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. கடலை ஒரே நாளில் யாரும் தள்ளிவைக்கவில்லை. தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் ஆண்டாண்டாகப் படிந்தது. பேட்டரிக்குள் நடப்பதும் அப்படிப்பட்ட படிவுதான்.

அந்த மாணவியின் போன் 38 சதவீதத்தில் ஏன் அணைந்தது என்பதற்கும் இதுவே காரணம். தேய்ந்த பேட்டரியில் மிச்சம் இருப்பதாகக் காட்டினாலும், திடீரென்று அதிக மின்சாரம் தேவைப்படும்போது அதனால் கொடுக்க முடிவதில்லை. உடனே போன் தன்னைத் தானே அணைத்துக்கொள்கிறது.

இதில் 'சார்ஜ் சுற்று' என்று ஒரு கணக்கு உண்டு. மொத்தமாக 100 சதவீதம் செலவானால் ஒரு சுற்று. இன்று 50, நாளை 50 செலவழித்தாலும் சேர்த்து ஒரு சுற்றுதான். ஐபோன் 14 வரையான மாடல்கள் 500 சுற்றுகளுக்குப் பிறகும், ஐபோன் 15 மாடல்கள் 1000 சுற்றுகளுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டவை என்று ஆப்பிள் நிறுவனம் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்கப்படும் போன்களுக்கு, 800 சுற்றுகளுக்குப் பிறகும் குறைந்தது 80 சதவீதம் இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். ஒரே நாளில் வாங்கிய, ஒரே மாதிரியான இரண்டு போன்கள். ஒருவர் ஒரு நாளைக்குப் பாதி சார்ஜ் மட்டும் செலவழிக்கிறார். அவருக்கு 500 சுற்று முடிய 1000 நாட்கள், அதாவது இரண்டே முக்கால் ஆண்டு ஆகும். இன்னொருவர் விளையாட்டு, வீடியோ என்று தினம் ஒன்றரை முறை சார்ஜ் போடுகிறார். அவருக்கு 333 நாளில், ஒரு வருடம் முடியும் முன்பே 500 சுற்று முடிந்துவிடும். இரண்டு போனுக்கும் ரசீதில் ஒரே தேதி. "வாங்கி ஒரு வருஷம்தான் ஆகிறது" என்ற சொல்லை மட்டும் வைத்து ஒரு போனை எடைபோட முடியாது என்பது இதனால்தான்.

எப்படிப் பார்ப்பது?

பைக் வாங்கினால் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று மீட்டரில் பார்க்கிறோம். எல்லாப் போனிலும் அப்படி ஒரு மீட்டர் இல்லை. ஆகவே நான்கைந்து இடங்களில் பார்த்துச் சேர்த்து முடிவு செய்ய வேண்டும். நாங்கள் இப்போது செய்யும் வரிசையில் சொல்கிறோம்.

முதலாவது, கண்ணால் பார்ப்பது. போனைச் சமமான மேசையில் படுக்க வையுங்கள். ஆடுகிறதா? பின்மூடி புடைத்திருக்கிறதா? திரையின் ஓரம் தூக்கியிருக்கிறதா? இருந்தால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. அதற்கு மேல் எந்தச் சோதனையும் வேண்டாம். சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள். அடுப்பங்கரை அலமாரியில் வைக்காதீர்கள். நாங்கள் கொடுத்த இன்னொரு போன் அப்படி உப்பிப்போய், ஒரு வீட்டில் அடுப்புக்கு மேல்தட்டில்தான் இருந்தது. அல்லாஹ் காப்பாற்றினான். அதைக் குப்பைத் தொட்டியிலும் போடக் கூடாது. பேட்டரிக் கழிவுக்கு 2022-இல் மத்திய அரசு தனி விதிகளே கொண்டுவந்திருக்கிறது. சர்வீஸ் சென்டரிலோ மின்கழிவு சேகரிக்கும் இடத்திலோதான் ஒப்படைக்க வேண்டும்.

இரண்டாவது, பேட்டரியின் நிலை. ஐபோனில் செட்டிங்ஸ் போய், பேட்டரி, அதில் பேட்டரி ஹெல்த் என்று பாருங்கள். 'மேக்சிமம் கெபாசிட்டி' என்று ஒரு சதவீதம் இருக்கும். 100 என்றால் புதியது. 80-க்குக் கீழே போயிருந்தால் பேட்டரி மாற்றும் காலம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். ஐபோன் 15 முதல் சார்ஜ் சுற்று எண்ணிக்கையும், பேட்டரி தயாரான மாதமும், முதலில் பயன்படுத்திய மாதமும் தெரியும். இந்தப் பக்கம் வந்ததற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. பேட்டரி தேய்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் மூலம் குறைத்ததை 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. உலகமெங்கும் எதிர்ப்பு எழுந்தது. அதன் பிறகுதான் 2018 மார்ச்சில் பேட்டரி நிலையைக் காட்டும் வசதி வந்தது. உள்ளே இருப்பதை வாங்கியவருக்கு மறைத்தால் எவ்வளவு பெரிய நிறுவனமானாலும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆண்ட்ராய்டு போன்களில் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். சில புதிய மாடல்களில் செட்டிங்ஸ், அபௌட் போன் பகுதியிலேயே பேட்டரி விவரம் இருக்கும். கூகுள் பிக்சல் 8ஏ முதல் அங்கே சுற்று எண்ணிக்கை தெரியும். சாம்சங் போனில் 'சாம்சங் மெம்பர்ஸ்' செயலியைத் திறந்து, டயக்னாஸ்டிக்ஸ் பகுதியில் பேட்டரியைச் சோதித்தால் நல்ல நிலையா, தேய்ந்ததா என்று சொல்லும். எதுவும் இல்லாத போனுக்கு 'அக்கு பேட்டரி' போன்ற செயலியைப் போட்டுச் சில நாள் சார்ஜ் ஏற்றிப் பார்த்தால், பேட்டரியின் இப்போதைய கொள்ளளவை மதிப்பிட்டுக் காட்டும். அது மதிப்பீடுதான், துல்லியமான அளவு அல்ல.

மூன்றாவது, பயன்பாட்டு நேரம். ஆண்ட்ராய்டில் 'டிஜிட்டல் வெல்பீயிங்', ஐபோனில் 'ஸ்கிரீன் டைம்'. இரண்டும் 2018-இல் வந்தவை. தினம் எத்தனை மணி நேரம் திரை எரிந்தது, எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் என்று சமீப நாட்களின் கணக்கைக் காட்டும். பல ஆண்ட்ராய்டு போன்களில் டயல் செய்யும் இடத்தில் *#*#4636#*#* என்று அடித்தால் பயன்பாட்டுப் புள்ளிவிவரம் திறக்கும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். போனை முழுவதும் அழித்து ரீசெட் செய்தால் இந்தக் கணக்குகள் போய்விடும். ஆகவே பயன்பாட்டு நேரம் பூஜ்யம் என்று காட்டினால் போன் புதிது என்று நினைத்துவிடக் கூடாது. ஐபோன் காட்டும் சார்ஜ் சுற்று எண்ணிக்கை ரீசெட் செய்தாலும் அழியாது. ஆனால் பேட்டரியை மாற்றியிருந்தால், அந்த எண் புதுப் பேட்டரியின் வயதைத்தான் சொல்லும், போனின் வயதைச் சொல்லாது.

நான்காவது, வீட்டிலேயே செய்யும் சோதனை. முழுவதும் சார்ஜ் ஏற்றி, திரை வெளிச்சத்தை நடுவில் வைத்து, ஒரு மணி நேரம் ஏதாவது ஒரு வீடியோவை ஓட விடுங்கள். 100-இல் கால் பங்குக்கு மேல் இறங்கினாலோ, 45-இலிருந்து 20-க்குத் தாவினாலோ, சதவீதம் இருக்கும்போதே அணைந்தாலோ அந்தப் போனை நாங்கள் அப்படியே யாருக்கும் கொடுப்பதில்லை. இது எங்கள் சொந்த அளவுகோல். இந்தச் சோதனையை அன்று செய்திருந்தால் அந்த மாணவிக்கு அந்த இரவு வந்திருக்காது.

ஐந்தாவது, கடையிலோ தெரிந்தவரிடமோ பழைய போன் வாங்குபவர்களுக்கு. *#06# அடித்தால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும். ஆங்கிலத்தில் கே.ஒய்.எம். என்ற மூன்று எழுத்தையும், ஓர் இடம் விட்டு அந்த எண்ணையும் தட்டி 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்திலும் பார்க்கலாம். முடக்கப்பட்டது, போலி எண், ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று பதில் வந்தால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள். திருட்டுப் போனாக இருக்கலாம்.

பார்த்த பிறகு என்ன செய்வது?

பேட்டரி மட்டும் தேய்ந்திருந்தால் போனைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. நம்பகமான இடத்தில் பேட்டரியை மாற்றினால் இன்னும் சில வருடம் ஓடும். போனைத் தருபவர்களிடம் ஒரு வேண்டுகோள்: முடிந்தால் பேட்டரியை மாற்றித் தாருங்கள். முடியாவிட்டால் "பேட்டரி 74 சதவீதம்தான் இருக்கிறது" என்று உள்ளதைச் சொல்லித் தாருங்கள். மாற்றும் செலவை அறக்கட்டளை பார்த்துக்கொள்ளும். சொல்வதில் வெட்கமில்லை. சொல்லாமல் விடுவதில்தான் இருக்கிறது.

மேலே சொன்னதையெல்லாம் பார்த்துக் குறித்துக்கொண்ட பிறகே கூகுள், ஆப்பிள் கணக்குகளிலிருந்து வெளியேறுங்கள். பிறகு போனை ரீசெட் செய்யுங்கள். உங்கள் கணக்கை நீக்காமல் கொடுத்தால் பெறுபவர் போனைத் திறக்கவே முடியாமல் போகலாம். உங்கள் வீட்டுப் பெண்களின் படங்களும் அதில் இருக்கும். அதுவும் ஓர் அமானிதம்.

இருக்கும் பேட்டரியைக் காப்பாற்ற இரண்டு மூன்று பழக்கம் போதும். வெப்பம்தான் அதன் பெரிய எதிரி. நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் பைக் கைப்பிடியிலும், பூட்டிய காருக்குள்ளும் போனை வைக்காதீர்கள். தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள். 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி உங்கள் போனில் இருந்தால் அதைப் போட்டு வையுங்கள். முழுவதும் தீர்ந்து அணையும் வரை காத்திருக்காதீர்கள்.

நம் வீட்டுக் கணக்கு

கடைசியாக, அந்தப் பயன்பாட்டு நேரப் பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளையின் போனில் அதைத் திறக்கும் முன் வாப்பாவும் உம்மாவும் தங்கள் போனில் திறந்து பாருங்கள். நாங்கள் அறக்கட்டளை நிர்வாகிகள் எல்லோரும் ஒரு நாள் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தோம். யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. தினம் 5 மணி நேரம் என்றால் வருடத்திற்கு 1825 மணி. அது இரவும் பகலுமாக 76 நாட்கள். அல்அஸ்ர் அத்தியாயத்தில் அல்லாஹ் காலத்தின் மீது சத்தியமிடுகிறான். தேய்ந்த பேட்டரியை மாற்றிவிடலாம். போன அந்த 76 நாளை மாற்ற எந்தக் கடையும் இல்லை.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ இந்தக் கரைக்கு வந்தபோது, காயல் துறைமுகத்தில் ஹுர்முஸ், ஏடன் பக்கமிருந்து குதிரைகள் கப்பலில் வந்து இறங்கியதாக எழுதியிருக்கிறார். குதிரையின் வயது அதன் பல்லில் தெரியும். நாணயமான வியாபாரி தானே அதன் வாயைத் திறந்து காட்டுவார். அப்படிப்பட்ட துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நாமும் நம் பொருளை அப்படித் திறந்து காட்டிக் கொடுப்போம்.

இனி அறக்கட்டளை கொடுக்கும் ஒவ்வொரு போனோடும் ஒரு சீட்டு இருக்கும். முதலில் வாங்கிய ஆண்டு, பேட்டரியின் நிலை, ஒரு மணி நேரச் சோதனையில் இறங்கிய சதவீதம், சோதித்தவர் கையெழுத்து ஆகியவை அதில் இருக்கும். சீட்டின் கீழே ஒரு வரியும் சேர்த்திருக்கிறோம்: "இதில் ஏதேனும் குறை இருந்தால் சொல்லுங்கள். சொல்வது உங்கள் உரிமை."

அந்த மாணவி இப்போது கல்லூரியில் படிக்கிறாள். போன்களைச் சோதிக்க வாரம் ஒரு நாள் எங்கள் அலுவலகத்துக்கு வருகிறாள். ஒரு மணி நேரச் சோதனைக்கு மணி பார்ப்பது அவள்தான். போன வாரம், நாங்கள் நல்லது என்று ஒதுக்கி வைத்த ஒரு போனை எடுத்துப் பார்த்துவிட்டு, "இதை யாருக்கும் கொடுக்காதீங்க" என்று திருப்பித் தந்தாள். நாங்கள் கொடுக்கவில்லை.

நாம் கொடுப்பதை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.